நல்லி வற்றிய ஆடு

அல்ஹம்து லில்லாஹ். படைப்பு அனைத்தையும் அதனதன் அளவில் அமைத்து, எலும்பை நாட்டி அதன்மேல் சதையைப் போர்த்திய வல்ல நாயனுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் நம் செமினிக் கடைத்தெருவில் பேச்செல்லாம் ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியுமாகவே இருக்கும். என்ன விலை, எத்தனை கிலோ தேறும், எலும்பு போக எவ்வளவு நிற்கும் என்பவையே நாம் கேட்கும் கேள்விகள். வியாபாரிகளாகிய நமக்கு நிறுவையில்தான் முதலில் கண் போகும், அதில் குற்றமில்லை. ஆனால் 'எலும்பு போக' என்று சொல்லி நாம் ஒரு பக்கம் தள்ளிவைக்கிறோமே, அந்த எலும்பைப் பற்றியே இன்று பேச நாடுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் நமக்குப் பெருமை தருவதன்று.

சில வருஷங்களுக்கு முன் நம் ஜமாஅத்தில் குர்பானிக்கு ஆடு வாங்கித் தரும் பொறுப்பை நாம் ஏற்றிருந்தோம். பணம் கொடுத்தவர்களில் ஒருவர், சாப்பாட்டுக் கடை ஒன்றில் நெடுங்காலம் குசினியில் நின்று உழைத்த பெரியவர். எல்லோரும் அவரை மாமு என்றே அழைப்போம். கிடைத்த சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு மைலோ டின்னில் வருஷம் முழுவதும் சேர்த்து, தம் வாழ்நாளில் முதன் முறையாகத் தம் பெயரால் ஓர் ஆடு அறுக்க வேண்டுமென்று கொண்டுவந்து கொடுத்தார். கசங்கிய நோட்டுகளாக இருந்த அந்த வெள்ளியை எண்ணிப் பெட்டியில் வைத்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆட்டை நாம் நேரில் போய்ப் பார்க்கவில்லை. கைத்தொலைபேசியில் வந்த படத்தைப் பார்த்தோம். உடம்பெல்லாம் நீண்ட ரோமம். பார்வைக்குக் கொழுத்ததாகவே தெரிந்தது. மற்ற இடங்களைவிட விலையும் சற்றுக் குறைவு. போதாதா? பேசி முடித்துவிட்டோம். பெருநாள் தொழுகை முடிந்து பிஸ்மி கூறி அறுத்துத் தோலை உரித்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. விலாவை ஒவ்வொன்றாக எண்ணலாம். குண்டிக்காயைச் சுற்றி இருக்க வேண்டிய கொழுப்பு மருந்துக்கும் இல்லை. மாமு ஒன்றும் பேசவில்லை. பின்னங்கால் நல்லி ஒன்றை எடுத்துக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பிளந்தார். உள்ளே வெண்ணெய் போலக் கெட்டியாக நிற்க வேண்டிய மஜ்ஜை, சிவந்த கூழ்த் தண்ணீராக ஒழுகிற்று. "நல்லி வத்திப் போச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அருகில் நின்ற ஹஜ்ரத் அவர்கள் நம்மை ஒரு முறை பார்த்தார்கள். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீதை நம்மில் பலர் ஜும்ஆ பயானில் கேட்டிருப்போம். குர்பானிக்கு ஆகாதவை என்று நான்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரல் விட்டுச் சொன்னார்கள்: ஒரு கண் பழுதென்று தெளிவாகத் தெரிவது, நோயென்று தெளிவாகத் தெரிவது, நொண்டியென்று தெளிவாகத் தெரிவது, எலும்பில் மஜ்ஜையே இல்லாத அளவுக்கு மெலிந்து போனது. நான்காவதைக் கேட்கும்போதெல்லாம், 'மெலிந்தது' என்று சொன்னால் போதாதா, மஜ்ஜை வரை ஏன் போக வேண்டும் என்று நாம் நினைத்ததுண்டு. அன்று மாமுவின் கையில் இருந்த நல்லியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஹஜ்ரத் அவர்கள் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "வாங்குவதற்கு முன் இதன் முதுகைத் தடவிப் பார்த்தவர் யார்?"

பதில் சொல்ல யாரும் இல்லை.

நிற்க. எலும்பு என்றால் கல், கம்பு போன்ற உயிரற்ற பொருள், உடம்பைத் தாங்குவதற்காக உள்ளே நட்டு வைத்த மூங்கில் சட்டம் என்றே நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். தாங்குவது உண்மைதான். எலும்பில்லாத ஆட்டை நினைத்துப் பாருங்கள். தரையில் கிடக்கும் தோல் மூட்டைதான். தசை இழுத்தால் கால் நகர வேண்டுமே, அதற்கு நெம்புகோல் வேண்டும். மூளைக்கு மண்டையோடு என்னும் பெட்டியும், இருதயத்துக்கும் ஈரலுக்கும் விலாக்கூடும் வேண்டும். இவையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்தவை. தெரியாதது, அந்த எலும்பு உயிருள்ளது என்பது. அதற்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. பழையதை அரித்தெடுக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்புக் கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. பாரம் விழும் இடத்தில் கட்டு பலக்கிறது. பாரமே இல்லாத இடத்தில் கரைகிறது.

எலும்பு எதனால் ஆனது என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து போய், எலும்பு ரப்பரைப் போல் வளையும். இன்னொன்றை நெருப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். நார்ச்சத்து எரிந்து போய், வடிவம் கெடாமல் இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினால் பொடியாகும். எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பும், மீதியில் பெரும்பகுதி நாரும் கலந்த கலவை இது. ஒன்று கடினத்தைக் கொடுக்கிறது, மற்றது முறியாத தன்மையைக் கொடுக்கிறது. நாம் கடையில் விற்கும் எலும்பு சூப் ஆறினால் கட்டியாக உறைகிறதே, அது இந்த நார் வெந்து கரைந்ததன் விளைவு. ஜெலட்டின் என்பதும் இதுவேதான். எந்தப் பிராணியின் எலும்பு, எப்படி அறுக்கப்பட்டது என்பதில் அங்கே பெரிய கேள்வி இருப்பதால், மிட்டாயும் மாத்திரையும் வாங்கி விற்கும் சகோதரர்கள் பெட்டியின்மேல் ஹலால் முத்திரையைப் பார்த்தே வாங்குவது நலம்.

வியாபாரிக்குச் சட்டென்று புரியும்படி ஒன்று சொல்வோம். உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்குதான் இரத்தத்திலும் மற்ற இடங்களிலும். அந்த ஒரு பங்கு கடைக் கல்லாவில் புரளும் பணம். எலும்பில் இருப்பது முதல். இருதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் கல்லாவில் குறிப்பிட்ட தொகை எந்நேரமும் இருந்தே ஆக வேண்டும். தீனியில் வரவு குறைந்தால் உடம்பு தயங்குவதில்லை. முதலில் கை வைத்து எடுத்துக் கல்லாவை நிரப்பிவிடும். வெளியே கடை திறந்தே இருக்கும். உள்ளே முதல் கரைந்துகொண்டிருக்கும். கன்று ஈன்ற பசு சில சமயம் எழுந்திருக்க மாட்டாமல் விழுந்துவிடுவதைப் பால் மாடு வளர்த்தவர்கள் கண்டிருப்பார்கள். பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று போய்விட, எலும்பிலிருந்து எடுத்துக்கொடுப்பதற்குள் இரத்தத்தில் பற்றாக்குறை விழுந்துவிடுகிறது. வைத்தியர் வந்து அந்தச் சத்தை ஊசி வழியே ஏற்றினால் பெரும்பாலும் மாடு எழுந்து நிற்கிறது.

எலும்பின் உட்புறம் இருக்கும் மஜ்ஜைக்கு வருவோம். இளங்குட்டியின் மஜ்ஜை சிவப்பாகவே இருக்கும். இரத்த அணுக்களைச் செய்யும் பட்டறை அது. மனிதன் உடம்பில் ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இந்தப் பட்டறையில் பிறக்கின்றன என்றால் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிராணி வளர வளர, கால் எலும்புகளில் அந்தச் சிவப்பு குறைந்து வெண்கொழுப்பு வந்து தங்குகிறது. நல்லியை உறிஞ்சும்போது நாவில் படுவது அதுதான். வளர்ந்த பிராணி பட்டினி கிடந்தால் முதலில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரையும். அடுத்து குடலையும் குண்டிக்காயையும் சுற்றியுள்ளது கரையும். கடைசியாகக் கரைவதே எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு. அதுவும் போன பிறகு எடுக்க ஒன்றுமில்லை. அறுகூடத்தில் இறைச்சியைப் பரிசோதிக்கும் கால்நடை வைத்தியர்களும், காட்டில் செத்துக் கிடக்கும் மான் பசியால் செத்ததா என்று ஆராய்கிறவர்களும் இன்றைக்கும் தொடை எலும்பைப் பிளந்துதான் பார்க்கிறார்கள். மெலிவுக்குக் கடைசி எல்லை எது என்பதை ஹதீதின் நான்காவது விரல் சரியாக அந்த இடத்தில் வைத்துக் காட்டியிருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

எல்லாப் பிராணிக்கும் ஒரே மாதிரி எலும்பை நாயன் கொடுக்கவில்லை. நம் செமினியிலேயே, 2005-ஆம் ஆண்டில் இங்கு வளாகம் திறந்த நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில், மலேசியக் காட்டு யானைகளைப் பற்றி 2011 முதல் ஆராய்ச்சி நடந்து வந்திருக்கிறது. அந்த யானையின் கால் எலும்பைக் குறுக்கே அறுத்தால் ஆட்டு நல்லியில் இருப்பது போன்ற குழாய் இராது. தேன்கூடு போன்ற எலும்பு வலையே உள்ளே நிறைந்திருக்கும். பல டன் எடையை நான்கு தூண்களாக நின்று தாங்க வேண்டுமல்லவா! அவ்வளவு பலமிருந்தும் யானை குதிக்காது. கஃபாவை இடிக்க வந்த யானைப் படையின் கதையைச் சிறு பிள்ளைகளும் ஓதுகிறார்கள். அந்தப் படையை அழித்தவை பறவைகள். பறவையின் எலும்பிலோ பல இடங்களில் காற்று நிறைந்திருக்கிறது. கடலுக்குமேல் நாட்கணக்கில் பறக்கும் கப்பற்பறவையின் எலும்புக்கூடு முழுவதையும் நிறுத்தால் அதன் இறகுகளின் எடைகூட வராது. இனி ஒட்டகம். அதன் நீண்ட கழுத்திலும் ஏழு எலும்புதான். ஆட்டுக்கும் எலிக்கும் நமக்கும் அதே ஏழுதான். ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது என்று பார்க்க மாட்டார்களா என்று திருமறை கேட்பதை ஓதிவிட்டு, ஒட்டகத்தைப் பாராமலே போய்விடுகிறோம்.

பார்ப்பது என்றவுடன் ஒரு பெரியாரின் நினைவு வருகிறது. பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீப் அல்-பக்தாதி என்பார் 1200 முதல் 1202 வரை எகிப்தைப் பீடித்த கொடும் பஞ்சத்தின்போது அங்கே இருந்தார். பஞ்சத்தில் இறந்தவர்களின் எலும்புகள் குன்றுபோல் குவிந்து கிடந்த இடத்துக்குச் சென்று பார்த்தார். அதுவரை வைத்தியர்களெல்லாம் யவன வைத்தியர் கேலனின் நூலையே வேதவாக்காகக் கொண்டிருந்தார்கள். கேலன் பெரும்பாலும் மிருகங்களை அறுத்துப் பார்த்து எழுதியவர். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்பது அவர் கூற்று. அல்-பக்தாதி 2000-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். ஒன்றிலாவது பொருத்து இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று எழுதினார். கேலன் எவ்வளவு பெரியவரானாலும் கண்ணால் கண்டதே அதைவிட நம்பத்தக்கது என்பது அவர் கட்சி. (ஆட்டுத்தலை சமைக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: ஆட்டின் கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்து வரும். மனிதன் வேறு, ஆடு வேறு.) எண்ணூறு வருஷத்துக்கு முன் பிணக்குவியல் வரை நடந்து போய்ப் பார்த்தார் ஒரு முஸ்லிம், ஆட்டுப்பட்டி வரை போக நமக்குச் சோம்பல்.

மாண்டு நூறு வருஷம் கழித்து எழுப்பப்பட்ட ஒருவரின் வரலாற்றை சூரத்துல் பகராவில் ஓதுகிறோம். உஸைர் (அலை) அவர்கள்தாம் அவர் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் கூறுவர். அவருடைய கழுதையின் எலும்புகளை அவர் கண்ணெதிரிலேயே எழுப்பிச் சேர்த்துச் சதையைப் போர்த்திக் காட்டினான் நாயன். அங்கேயும் அவருக்கு இடப்பட்ட கட்டளை 'பார்' என்பதே.

இனிக் கோழிக்கு வருவோம். நம்மில் பலருக்குப் பிழைப்பே அதில்தானே. முட்டையிடும் கோழி ஒவ்வோர் ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கொடுக்கிறது. ஓடு கட்டப்படுவது பெரும்பாலும் இரவில். அப்போது தீனி வரவு இல்லை. ஆகவே கால் எலும்புக்குள் இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் இருப்பிலிருந்து எடுக்கிறது. வருஷத்தில் 300 முட்டைக்கு மேல் இடும்படி வளர்க்கப்பட்டு, நடக்கவும் இடமின்றிக் கூண்டில் நின்ற கோழிகள் பலவற்றுக்கு எலும்பு மெலிந்து முறிந்துவிடுகிறது. இறைச்சிக் கோழியின் கதை வேறு. ஐந்தாறு வாரத்திலேயே அறுப்புக்கு வரும்படி சதை ஏறுகிறது. எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. குளிர்பெட்டியில் உறைந்த கோழித்துண்டைப் பொரித்தால் எலும்பு ஓரத்தில் கறுப்பு படிகிறதே, வாடிக்கையாளர் "வேகவில்லை" என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறாரே, அது இளம் எலும்பின் நுண்துளை வழியே மஜ்ஜை கசிந்து நிறம் மாறியது. நன்றாக வெந்திருந்தால் அதனால் கெடுதியில்லை. குசினியில் இருக்கிறவரைத் திட்டுவதற்கு முன் முதலாளி இதை அறிந்துகொள்ளட்டும்.

எலும்போடு சேர்த்து நிறுத்து விற்பது தவறில்லை. சதையைக் காட்டி எலும்பை மறைத்து நிறுப்பதுதான் தவறு. அளவையில் மோசம் செய்கிறவர்களுக்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருப்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குர்பானி எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். "சதையைப் பங்கு வைத்துவிட்டோம், எலும்பு வீணாகத்தானே போகிறது, கடைக்குக் கொண்டுபோய் சூப் வைக்கலாம்" என்று சில சகோதரர்கள் எண்ணுகிறார்கள். குர்பானி கொடுத்தவர் அதன் தோலையோ எலும்பையோ எதையுமே விற்கலாகாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் அதிலிருந்து கொடுக்கலாகாது. அலீ (ரலி) அவர்களிடம் ஒட்டகங்களைப் பங்கிடும் பொறுப்பை ஒப்படைத்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் கூலியைத் தனியே கொடுக்கச் செய்தார்கள். நல்லியும் நெஞ்செலும்பும் ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போகட்டும். கடைச் சட்டிக்கு வேண்டாம்.

அகீகாவில் இன்னும் நுட்பம். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அகீகா ஆட்டின் எலும்பை உடைக்காமல் மூட்டு மூட்டாகப் பிரிப்பது சுன்னத்து. பிள்ளையின் அவயவங்கள் பழுதில்லாமல் இருக்க வேண்டுமென்ற நல்ல சகுனம் அதில். மூட்டு எங்கே இருக்கிறதென்று அறிந்த கைக்குத்தான் அது வரும். அறியாதவன் கத்தியை ஓங்குவான். அறிந்தவன் காலை மடக்கிப் பார்த்து, குழி விழும் இடத்தில் கத்தி நுனியை வைப்பான். நம் மாமு அதில் கைதேர்ந்தவர்.

அவருடைய ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஆட்டின் ஹுக்மு பற்றி ஹஜ்ரத் அவர்கள் மாமுவைத் தனியே அழைத்துப் பேசினார்கள். அதை இங்கே எழுத நமக்கு உரிமையில்லை. நாம் செய்தது, பொறுப்பாளர்கள் ஐந்து பேரும் சொந்தப் பையிலிருந்து வெள்ளி போட்டதுதான். அய்யாமுத் தஷ்ரீக் நாட்கள் மீதமிருந்தன. மறுநாள் காலையில் மாமுவையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஓர் ஆட்டுப்பட்டிக்குப் போனோம்.

ஆடு பார்ப்பது எப்படி என்று அன்றுதான் கற்றோம். கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் உள்ள முதுகில் கையை வைக்க வேண்டும். நடு முள் கத்தி முனைபோல் குத்தினாலோ, பக்கவாட்டு முள்ளுக்கு அடியில் விரல் தாராளமாக நுழைந்தாலோ அந்த ஆடு மெலிந்தது. முள் உருண்டு, அழுத்தினால்தான் தட்டுப்படும் என்றால் போதுமானது. ஆட்டுக்கு முதுகில் கொழுப்பு குறைவாகவே ஏறும். ஆகவே நெஞ்செலும்பின்மேலும் பிடித்துப் பார்க்க வேண்டும். கால்நடை வைத்தியர்கள் இதையே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கணக்கிடுகிறார்கள். மாமுவுக்கு மதிப்பெண் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ரோமத்துக்குள் விரலைச் செலுத்தித் தடவினார். பிறகு ஆட்டைச் சற்று நடக்கவிட்டு, நான்கு காலும் சமமாக ஊன்றுகிறதா என்று பார்த்தார். வாயைத் திறந்து பல் பார்த்தார். ஏழெட்டு ஆட்டைத் தள்ளிவிட்டு, மூலையில் நின்ற ஒரு கறுப்புக் கிடாயின் முதுகில் கை வைத்தவர் கையை எடுக்கவில்லை.

பகலுக்குள் அறுத்தாயிற்று. இம்முறையும் நல்லியை அவரே பிளந்தார். வெள்ளை வெளேரென்று மெழுகுபோல் நின்றது. அதை அப்படியே இலையில் வைத்துக் கட்டி, பக்கத்து வீட்டில் நடக்க மாட்டாமல் படுத்திருக்கும் கிழவிக்குக் கொடுத்தனுப்பினார்.

வருகிற பெருநாளுக்கு ஆடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் சூராவ் வாசலில் கூடுவார்கள். குர்பானிக்குப் பணம் கட்டியவர்களும் கூட வரலாம். மாமுவும் வருகிறார், இன்ஷா அல்லாஹ்.